செக்ரோல்: மாத்தளைத் தோட்டங்களில் கணக்கு வளர்ந்த வரலாறு

மாத்தளைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பு என்பது செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் விழும் ஒரு பேர். முழுநாள் நின்றவருக்கு ஒரு பேர். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அரைப்பேர். மாத முடிவில் அந்தப் பேர்களைக் கூட்டிக் கூலி வீதத்தால் பெருக்கி, பிடிக்க வேண்டியதைப் பிடித்தால் சம்பளம். அதே பேர்களை வேறு வகையாகக் கூட்டினால், ஓர் ஏக்கரில் களை பிடுங்க என்ன செலவு, ஓர் இறாத்தல் தேயிலை ஆக என்ன செலவு என்பது தெரியும். அந்தக் கணக்கு தபாலில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி இலண்டனுக்குப் போய், பங்குதாரருக்கு அச்சிடும் ஆண்டறிக்கையில் ஒரு வரியாக நிற்கும். கணினி வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே மலைநாட்டில் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம் இது. அதில் பேர் எழுதப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். எழுதிய கைகளிலும் தமிழர் கைகள் நிறைய. எழுதிய மொழி மட்டும் ஆங்கிலம்.

எழுத்துக்கும் மாத்தளைக்கும் பழைய உறவு உண்டு. நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் ஏட்டில் ஏறியது என்பது பௌத்த மரபு. ஊர்ப் பெருமைக்கு இதைச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, தோட்டத்துக் கணக்கு அங்கிருந்து பிறக்கவில்லை. அது கோப்பியோடு வந்தது.

1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் ஊக்குவித்த கோப்பிப் பயிர், கண்டியைச் சுற்றி வேர்விட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் மாத்தளைப் பள்ளத்தாக்கின் இருபுறத்து மலைகளிலும் ஏறியது. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனைப் பயிர்நிலத்தையும் அரசின் சொத்தாக்கித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாக உழுதும் எரித்தும் பயிரிட்ட நிலம், தாளில் இல்லாததால் அவர்களுடையது இல்லை என்றாயிற்று. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1848 ஜூலையில், துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் போட்ட வரிகளை எதிர்த்து எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியில், கொங்காலேகொட பண்டாவின் ஆட்கள் மாத்தளைக் கச்சேரி எனும் அரச அலுவலகத்தைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். புத்தகத்தை எரித்தால் வரி போய்விடும் என்று நம்பியது பேதைமை என்று பிற்கால ஆசிரியர் யாரும் சிரித்துவிடலாம்; ஆனால் ஆட்சியின் பலம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு அடுத்த மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். கச்சேரியின் புத்தகங்கள் மறுபடி எழுதப்பட்டன.

அந்தக் காலத்துக் கோப்பித் தோட்டத்தில் கணக்கு சிறியது. துரையின் மேசையில் ஒரு நாட்குறிப்பு, ஒரு பணப்புத்தகம், ஒரு ஆள் இடாப்பு. கோப்பி பறிக்கும் சில மாதங்களுக்கு மட்டுமே ஆள் கூட்டம் வேண்டும். தமிழ்நாட்டின் தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்கள் வந்த வழியின் முடிவில் இருந்த ஊர் மாத்தளை. தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, வன்னிக் காட்டைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து வந்தவர்களுக்கு மலைநாட்டின் வாசல் அதுதான். தமிழர் நாவில் அதற்குப் பண்ணாமம் என்றே பேர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை என்பதைத் தோட்டத்து இடாப்பு சொல்லாது. தோட்டத்தில் வந்து சேர்ந்த பிறகுதான் ஒருவருக்கு இடாப்பில் வரி உண்டு.

துரை அந்த ஆட்களைத் தனித்தனியாக அறிந்ததில்லை. அவர் அறிந்தது ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணியை. ஒரு பெரியங்கங்காணி, அவருக்குக் கீழே சில சில்லறைக் கங்காணிகள், ஒவ்வொரு சில்லறைக் கங்காணிக்கும் பத்திருபது பேர் என்ற அடுக்கில்தான் இடாப்பே எழுதப்பட்டது. முன்பணம் கங்காணி கையில் கொடுக்கப்பட்டது. அரிசியும் கங்காணி பேரில் பற்றெழுதப்பட்டது. சம்பளமும் நெடுங்காலம் அவர் கை வழியாகவே போயிற்று. தோட்டத்து ஆபீசில் ஆங்கிலக் கணக்கு ஒன்று இருக்க, கங்காணியிடம் தமிழ்க் கணக்கு வேறொன்று இருந்தது. வழிச்செலவு, கம்பளி, கல்யாணம், கருமாதி என்று ஆள் ஒருவருக்கு ஏறிய கடனெல்லாம் அந்தத் தமிழ்க் கணக்கில்தான். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒத்துப்போனதாகச் சொல்லவும் ஆளில்லை.

இந்த இரட்டைக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் துண்டு. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்: இன்ன தொகை கட்டினால் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கிறேன். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் புதிய தோட்டத்தின் புத்தகத்தில் ஏறிக்கொள்ளும். அடுத்த முறை தொகை இன்னும் கூடியிருக்கும். ஆள் தட்டுப்பாடு வந்த காலங்களில் துண்டைக் காட்டித் தோட்டம் தோட்டமாக ஏலம் கேட்ட கங்காணிகளும் உண்டு, போட்டி போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் தோட்டக்காரர் சங்கக் கூட்டத்தில் புலம்பிய துரைமாரும் உண்டு. கடனின் சுமை கடைசியில் விழுந்தது, எந்தக் காகிதத்தையும் வாசிக்கத் தெரியாத ஆளின் தலையில். 1921-இல் சட்டம் துண்டைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு ஒரு தோட்டத்திலிருந்து விலகுபவருக்குக் கொடுக்க வேண்டியது பற்றுச்சீட்டு. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது என்ற வழக்கம் நீடித்ததால், கொடுக்க மறுக்கும் துரையின் கையில் பழைய அதிகாரத்தில் பாதி மிஞ்சித்தான் இருந்தது.

துண்டு முறை நடந்த காலத்திலேயே, 1869-இல், கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி மடிந்தது. மாத்தளையில் அதன் இடத்துக்கு ஒரே பயிர் வரவில்லை. உயர்ந்த மலைகளில், எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கங்களில் தேயிலை. தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவும் பின்னர் இறப்பரும். இடையிடையே மிளகும் ஏலமும் தென்னையும். பெர்குசனின் இலங்கை விவரக்கொத்து மாத்தளையைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு தோட்ட மாவட்டங்களாகப் பிரித்து, தோட்டம் தோட்டமாக உரிமையாளர், துரை, ஏக்கர், பயிர் என்று அச்சிட்டு வந்தது. கலப்புப் பயிர் மாத்தளைக் கணக்கப்பிள்ளையின் வேலையைக் கூட்டியது. நுவரெலியாவில் கொழுந்து நிறுத்தால் போதும். மாத்தளையில் ஒரே தோட்டத்தில் கொழுந்தை இறாத்தலில் நிறுக்க வேண்டும், இறப்பர்ப் பாலை அளந்து மெட்ரோலாக் மிதவையால் அதன் கனத்தைப் பார்க்க வேண்டும், கொக்கோவின் ஈர விதையும் காய்ந்த விதையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

1880-இல் மாத்தளைக்கு இரயில் வந்ததும் கணக்கு ஓடும் வேகமும் மாறியது. தோட்டங்கள் தனித் துரைமாரின் கையிலிருந்து கம்பனிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கம்பனியின் பணிப்பாளர்கள் இலண்டனில். அவர்களுக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவை கொழும்பு ஏஜென்சி நிறுவனங்கள். தோட்டத்தைக் கண்ணால் காணாத ஒருவர் அதை நடத்த வேண்டுமென்றால் அறிக்கைதான் அவருக்குக் கண். எந்த அறிக்கை, எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் என்பதை ஏஜென்சி விதித்தது. ஆண்டுத் தொடக்கத்தில் துரை ஓர் எஸ்டிமேட் அனுப்ப வேண்டும்: எத்தனை இறாத்தல் விளைச்சல், எந்த வேலைக்கு எத்தனை ரூபாய். மாதந்தோறும் அதற்கெதிரே உண்மையில் நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். மிஞ்சிய செலவுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வரும். இதோடு, ஏஜென்சி அனுப்பும் விசிட்டிங் ஏஜென்ட் வருடத்துக்கு ஓரிரு முறை வந்து, மலையையும் புத்தகத்தையும் பார்த்துத் தனி அறிக்கை எழுதுவார். துரைக்கு மேல் ஒரு துரை என்று தோட்டத்தார் அவரைப் புரிந்துகொண்டார்கள். அவர் வரும் வாரம் பாதை ஓரப் புல் மட்டும் வழக்கத்தைவிடச் சுத்தமாக இருக்கும்.

இந்த அறிக்கைகளுக்கெல்லாம் மூலம் விடிகாலைப் பிரட்டு. தப்பு அடிக்கும், இருள் பிரியுமுன் ஆட்கள் பிரட்டுக்களத்தில் கங்காணி வாரியாக நிற்பார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரோ கணக்கப்பிள்ளையோ தலை எண்ணி, யார் எந்த மலைக்கு, எந்த வேலைக்கு என்று பிரித்துவிடுவார். ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்துக்கு இத்தனை பேர், பன்னிரண்டாம் நம்பரில் கவ்வாத்துக்கு இத்தனை, கான் வெட்ட, பாதை திருத்த, ஸ்டோருக்கு, பிள்ளைக் காம்பராவுக்கு என்று அந்தப் பிரிவு கைப்புத்தகத்தில் ஏறும். மாலையில் கொழுந்துச் சாக்குகள் தராசில் தொங்கும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து, எடை சத்தமாகச் சொல்லப்படும். அன்றைய அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர்; மீறினால் மேலதிக இறாத்தலுக்குக் காசு. கழிவு எத்தனை என்பதில் கணக்கப்பிள்ளையின் மனநிலைக்கும் பங்கிருந்தது என்பது தோட்டத்துப் பாட்டிலும் வசவிலும் நிறையப் பதிவாகியிருக்கிறது.

இரவு ஆபீசில் இந்தக் கைப்புத்தகங்கள் இரண்டு பெரிய ஏடுகளாக மாறும். ஒன்று செக்ரோல். அகன்ற தாளில் இடப்பக்கம் இலக்கம், பேர். அடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று அல்லது அரை அல்லது வெற்றுக் கோடு. வலப்பக்கம் மொத்தப் பேர், வீதம், சம்பளம். அதற்கும் வலப்பக்கம் கழிவுப் பத்திகள். அரிசி, முன்பணம், சலவைக்கும் முடிவெட்டுக்கும் பிடிக்கும் சதம், கோயில் சந்தா, பிற்காலத்தில் சங்கச் சந்தா. கடைசிப் பத்தியில் கைக்கு வருவது. சில மாதங்களில் அது ஒன்றுமில்லை, அல்லது அடுத்த மாதத்துக்கு ஏறும் கடன். மற்ற ஏடு வேலைப் புத்தகம். அதில் ஆள் கிடையாது. மலையும் வேலையும் மட்டும். அன்று களை பிடுங்க எத்தனை பேர் செலவானது, கொழுந்துக்கு எத்தனை என்று அது சொல்லும்.

கணக்கின் உயிர் இந்த இரண்டு ஏடுகளுக்கும் இடையில் இருந்தது. செக்ரோலில் ஒரு நாள் பத்தியைக் கீழ்நோக்கிக் கூட்டினால் வரும் பேர்களும், வேலைப் புத்தகத்தில் அதே நாள் வரும் பேர்களும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அரைப்பேர் ஒன்று இடித்தாலும் பெரிய கிளாக்கர் விளக்கை அணைக்க மாட்டார். ஒரே உண்மையை ஆள் வழியாகவும் வேலை வழியாகவும் இரண்டு முறை எழுதி, ஒன்றால் மற்றதைச் சோதிப்பது. இன்றைய தரவுத்தள நிர்வாகிகள் மென்பொருளில் எழுதிவைக்கும் சோதனை விதியை ஒரு கிளாக்கர் மண்ணெண்ணெய் விளக்கில் விரலால் கூட்டிச் செய்துகொண்டிருந்தார். அழிப்பது கூடாது. தவறினால் குறுக்கே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். துரை தினமும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். செக்ரோல் பூட்டிய அலுமாரியில் இருக்கும். திறப்பு பெரிய கிளாக்கரிடம். அவரைத் தோட்டத்தில் எல்லோரும் மரியாதையோடு, கொஞ்சம் பயத்தோடும், ஐயா என்றார்கள். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் அந்த நாற்காலியில் நிறையப் பேர். துரைமாரோ செக்ரோலின் பேர்களை உச்சரிப்பதற்கே பாடப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915-இல் எழுதிய கூலித் தமிழ்க் கையேடு அப்படிப்பட்ட ஒன்று.

பேர்கள் குழப்பமானவை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் நான்கு மாரியாயி, ஐந்து முத்துசாமி. ஆங்கில எழுத்தில் ஏறும்போது இராமாயியும் இராமையாவும் அடுத்தடுத்த மாதங்களில் வேறு வேறு உருவம் எடுத்தார்கள். ஆகவே ஆளை அடையாளம் காட்டியது பேரல்ல, செக்ரோல் நம்பரும் கங்காணியின் பேருமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர வில்லை இதையே கடல் தாண்டியும் நீட்டியது: தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திய தகடு கழுத்தில் தொங்க, வரும் வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பது வழிநெடுக யாருக்கும் தெரிந்தது. ஆள் சேர்ப்புக்காகத் தோட்டக்காரர் திருச்சியில் 1904-இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனும் இந்த எண்களைக் கொண்டே வேலை செய்தது.

பொய்க் கணக்கும் கூடவே வளர்ந்தது. கங்காணிக்குத் தன் ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை சதம் என்று பென்ஸ் காசு கிடைத்தது. அதனால் செத்தவருக்கும் ஊர் போனவருக்கும் பேர் விழுவது நடக்கக்கூடியதே. துரை முன்னறிவிப்பில்லாமல் மலைக்குப் போய்த் தலை எண்ணுவது, கணக்கப்பிள்ளைகளை அடிக்கடி டிவிசன் மாற்றுவது, சம்பள மேசையில் ஒவ்வொருவரையும் நேரில் நிற்கவைத்துக் கொடுப்பது ஆகியவை அதற்கான மருந்துகள். எதிர்ப்பக்கத்துப் பொய், உழைத்தவருக்குப் பேர் போடாமல் விடுவது, புத்தகத்தில் எந்தத் தடயமும் விடாது. செக்ரோலின் எல்லாக் காவலும் தோட்டத்தின் பணத்தைக் காக்க அமைந்தவை. ஆளின் உழைப்பைக் காக்கும் சோதனை ஒன்றுகூட அதில் தொடக்கத்தில் கிடையாது.

அந்தச் சோதனையைச் சட்டம் வெளியிலிருந்து மெல்லக் கொண்டுவந்தது. 1889-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளர் என்பவர் யார் என்று வரையறுத்தபோது, தோட்டத்து இடாப்பில் பேர் உள்ளவர் என்றே எழுதியது. ஊரோ சாதியோ பிறப்போ அல்ல, பதிவே அவரைச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆக்கியது. மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது; இரண்டு மாதம் தாமதிப்பதே கட்டுப்பாடு என்றால் அதற்கு முன் நிலைமை என்ன என்பதை ஊகிக்கலாம். 1923-இல் குடிவந்த இந்தியத் தொழிலாளருக்கான கட்டுப்பாட்டாளர் பதவி சட்டப்படி உருவாகி, இந்திய அரசின் முகவர் ஒருவரும் கண்டியில் அமர்ந்தார். இருவரும் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துப் புத்தகங்களைக் கேட்டார்கள். கொழும்பு ஏஜென்சிக்கும் இலண்டனுக்கும் மட்டும் எழுதப்பட்ட கணக்குக்கு அரசும் வாசகராயிற்று.

1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. 1929-இல் அறிவித்த வீதங்கள் உயரத்தைப் பொறுத்து மாறின: மேல்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32, மத்திய நாட்டில் 52, 41, 31, கீழ்நாட்டில் 50, 40, 30. மாத்தளைத் தோட்டங்களில் பெரும்பாலானவை உயரத்தால் மத்திய நாட்டைச் சேர்ந்தவை. ஆண், பெண், பிள்ளை என்று மூன்று வீதம் இருந்ததால் செக்ரோலும் மூன்று பகுதியாகப் பிரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மலையில் கொழுந்து நிறைத்த கைக்குக் குறைந்த வீதம்.

பிறகு வந்த ஒவ்வொரு சட்டமும் செக்ரோலில் ஒரு பத்தியைச் சேர்த்தது. 1939-இல் பிரசவ உதவி. 1941-இல் சம்பளச் சபைகள். 1958-இல் ஊழியர் சேமலாப நிதி. 1980-இல் ஊழியர் நம்பிக்கை நிதி. 1983-இல் சேவைக்காலப் பணிக்கொடை. வருடத்தில் எத்தனை பேர் விழுந்தது என்பதை வைத்து விடுமுறைச் சம்பளம், சேவை ஆண்டுகளை வைத்து ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாள் கூலி வீதம் பணிக்கொடை என்று ஆனதும், மாதத்தோடு மூடிவிட்ட புத்தகத்தை முப்பது வருடம் கழித்தும் திறக்க வேண்டிய தேவை வந்தது. தொழிற்சங்கங்களின் சந்தாவும் செக்ரோல் வழியே பிடிக்கப்பட்டதால், எந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கம் பெரியது என்பதற்கும் அதுவே கடைசி வார்த்தையாயிற்று.

ஆனால் செக்ரோல் மனிதர்களின் வாழ்வில் அதிகமாக விளையாடியது 1948-க்குப் பிறகு. அந்த ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானவர் தொடர்ந்து ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் இருந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம் என்றது. லயத்துக் காம்பராவில் வசிப்பவருக்கு வரி ரசீது கிடையாது, வாடகைச் சீட்டு கிடையாது, உறுதி கிடையாது. பிறப்புச் சான்றிதழும் எல்லோரிடமும் இல்லை. இருந்தது செக்ரோல் ஒன்றுதான். ஓர் இறாத்தல் தேயிலையின் அடக்கவிலையைக் காண எழுதிய ஏடு, ஒருவர் இந்த மண்ணில் இருந்தார் என்பதற்குச் சாட்சியாகக் கேட்கப்பட்டது. அதற்கு அது தயாராக இல்லை. பேர் ஒரு ஆண்டில் ஒரு மாதிரி, மறு ஆண்டில் வேறு மாதிரி. ஊருக்குப் போய்வந்த மாதங்கள் வெற்றுக் கட்டங்களாக. தோட்டம் மாறியவருக்கு நம்பரே வேறு. பிள்ளைப் பேர் போட்ட காலத்துப் பேரும் கல்யாணத்துக்குப் பின் விழுந்த பேரும் ஒன்றல்ல. எழுதியவரின் அலட்சியத்துக்கு எழுதப்பட்டவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. துரையும் கிளாக்கரும் மனம் வைத்தால் செக்ரோல் நகல் எடுத்துக் கொடுப்பார்கள். வைக்காவிட்டால் காலக்கெடு போய்விடும். 1951 ஆகஸ்ட் வரை நாடெங்கும் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காகப் போயின. கடைசியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டும்.

எஞ்சியவர்களை 1964 அக்டோபர் 30-ஆம் தேதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகவே பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊர் போகும் குடும்பத்துக்குச் சேமலாப நிதி, பணிக்கொடை, கடன் கழிவு என்று தோட்ட ஆபீஸ் கடைசிக் கணக்கு முடித்து, செக்ரோலில் சிவப்பு மையால் கோடு போட்டது. மாத்தளை ஸ்டேசனில் ஏறியவர்களின் வரிகள் அப்படி முடிந்தன. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுத்தபோதும், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிலையாக வாழ்ந்தவர் அல்லது அவர் வழிவந்தவர் என்பதையே அளவுகோலாக வைத்தது.

நடுவே தோட்டங்களின் உடைமையும் மாறியிருந்தது. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரிடம் ஐம்பது ஏக்கருக்கு மேல் இருந்ததையும், 1975-ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் முதல் கட்டத்தில் எடுக்கப்பட்ட சிறு தோட்டங்களில் நிர்வாகம் சிதறியது. பல இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்து வன்னிப் பக்கம் போயின. கணக்கு ஒழுங்காக ஒப்படைக்கப்படாத தோட்டத்தில் அவர்களுடைய சேவைக் காலத்துக்கும் ஆதாரம் போயிற்று. பின்னர் ஜனவசம என்ற அரசு நிறுவனமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களைப் பங்கிட்டு நடத்தின. படிவங்கள் பழையவையே, பெறுபவர் இலண்டன் பணிப்பாளர் அல்ல, கொழும்பு அமைச்சு. இறாத்தல் கிலோவாயிற்று. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, வீட்டில் பத்திரப்படுத்தியிருந்த பற்றுச்சீட்டும் சான்றிதழும் சேர்ந்தே எரிந்தன. மறுபடி எடுக்கப் போன இடம் தோட்ட ஆபீஸ் அலுமாரி.

1992 முதல் அரசுத் தோட்டங்களில் பெரும்பாலானவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. மாத்தளை மலைகளின் பேரைத் தாங்கிய எல்கடுவ பிளான்டேசன்ஸ் அவற்றில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் தனியார் கைக்குப் போக, அது அரசிடமே நின்றது. அரசின் கையில் எஞ்சிய தோட்ட நிறுவனங்கள் தொழிலாளரின் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் நிலுவையில் வைத்திருப்பது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விடயம். சம்பளத்தில் பிடித்ததாகச் செக்ரோல் காட்டும். நிதியின் கணக்கில் வரவு இருக்காது. ஒரே உண்மையை இரண்டு ஏட்டில் எழுதி ஒப்பிடும் பழைய பழக்கம், இரண்டு ஏடுகளும் இரண்டு அலுவலகங்களில் இருந்ததால் இங்கே பயன்படாமல் போயிற்று.

கம்பனிகள் வந்த பின் கணினி மெல்ல வந்தது. முதலில் சம்பளத்தைக் கணக்கிட மட்டும்: செக்ரோலைக் கையால் எழுதி, மாத முடிவில் கணினியில் தட்டி, சம்பளத் துண்டை அச்செடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இரண்டு ஏடும் சேர்ந்தே ஓடிய தோட்டங்கள் உண்டு, கணினியை நம்பாத பெரிய கிளாக்கருக்காக. அடுத்து மின்னணுத் தராசு. கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே அட்டையையோ விரலையோ வைத்தால் எடை அந்த ஆளின் கணக்கில் போய் விழும். கைப்புத்தகம் மறைந்த இடங்களில், கண்டக்டரின் பிரட்டு ஏடு கைத்தொலைபேசிக்கு மாறிற்று. தலைமை அலுவலகம் மறுநாள் காலையில் டிவிசன் வாரியாக விளைச்சலைப் பார்க்கிறது. முன்பு அதற்கு ஒரு மாதமும் ஒரு தபாலும் வேண்டியிருந்தது. அன்றைய அளவை எட்டாதவருக்கு அரைப்பேர் என்ற விதி மட்டும் மென்பொருளிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற புதிய முறைகளில் பேரே தேவையில்லை என்று கம்பனிகள் சொல்கின்றன. சேமலாப நிதியும் விடுமுறைச் சம்பளமும் பேரை வைத்தே கணக்காவதால் சங்கங்கள் அதற்கு எளிதில் இசைவதில்லை.

இன்று செக்ரோலுக்காகத் தோட்ட ஆபீசுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெறுபவர்கள். தேசிய அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதிப் பதிவில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதோடு தோட்டத்துக் கிளாக்கர் பழைய செக்ரோலிலிருந்து சேவைக்காலத்தை எழுதி, துரை முத்திரை வைக்க வேண்டும். கணினியில் ஏறியது பெரும்பாலும் 1990களுக்குப் பிந்திய கணக்கு. அதற்கு முந்தியதைத் தேட, செல்லரித்த அகன்ற தாள்களை மாதம் மாதமாகப் புரட்டி, கங்காணி பேரைக் கண்டுபிடித்து, அதன் கீழே நம்பரைத் தேடி, ஒவ்வொரு மாதத்துப் பேர்களையும் கையால் கூட்டுகிறார்கள்.